கோடு மாடியில் இருந்தது

"கிராஃப் போடுற கால்குலேட்டர் இருக்கா அண்ணாச்சி?"

போன திங்கட்கிழமை, ஜங்ஷனில் ஒரு ஸ்டேஷனரி கடை. கேட்டது என் தோழி பர்வீன். துணைக்குப் போனது நான். கடைக்கார அண்ணாச்சி ஒரு நிமிடம் யோசித்தார். உள்ளே போனார். ஒரு கையில் கிராஃப் நோட்டு, மறு கையில் சாதாரண கால்குலேட்டர்... இரண்டையும் மேஜையில் வைத்தார்.

"இந்தா கிராஃபு. இந்தா கால்குலேட்டரு. ரெண்டையும் சேத்து வச்சுக்கிடுங்கம்மா."

"அப்படி இல்ல அண்ணாச்சி. கால்குலேட்டரே கிராஃப் போடணும்."

"அதுவே போட்டுட்டா, பிள்ளைக எதுக்கும்மா பள்ளிக்கூடம் போகுது?"

இப்படி யாராவது சொன்னால் நான் உடனே கைப்பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து எழுதிக்கொள்வேன் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? எழுதிக்கொண்டேன்.

பர்வீனுக்கு மேலப்பாளையம். எம்.எஸ்சி. கணக்கு. என் மகளுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர், அப்படித்தான் பழக்கம். பையன் பிறந்ததும் வேலையை விட்டார். ஆறு வருடம் ஆயிற்று. இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறார். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மாதிரி வகுப்பு. 'கிராஃபிங் கால்குலேட்டர் தயாராக இருக்கட்டும்' என்று மெயில்.

ஏற்கெனவே இரண்டு இடத்தில் 'டெக்னாலஜி பழக்கம் போதாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இதுவும் போச்சுன்னா சர்டிபிகேட்டையெல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிருவேன்க்கா. பெறவு தொறக்கமாட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி போனில் யாரையோ விசாரித்தார். "வரவழைக்கலாம். பத்து நாள் ஆவும்." விலையையும் சொன்னார். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வெறுங்கையோடு வர மனசில்லாமல் பர்வீன் அந்தக் கிராஃப் நோட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

ஆட்டோவில் வரும்போது மெயிலை மறுபடி படித்தார். திடீரென்று என் தொடையில் ஒரு அடி!

"அக்கா... 'அல்லது இலவச ஆன்லைன் டூல் ஏதேனும்'னு கீழ போட்டிருக்கு!"

மெயிலின் கடைசி வரியை யார் படிக்கிறார்கள்? நீங்கள் படிக்கிறீர்களா?

வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தோம். தேடினால் ஒன்றல்ல, வரிசையாக வருகிறது. டவுன்லோடு வேண்டாம், பதிவு வேண்டாம். சமன்பாட்டை டைப் செய்தால் கோடு வந்து நிற்கிறது. ஒன்று படம் மட்டும் போட்டது. இன்னொன்று விடைக்கான வழியையும் எழுதிக் காட்டியது. மூன்றாவது, 'முதலில் லாகின் செய்' என்றது. அதை அப்படியே மூடினோம்.

எனக்கும் கணக்குக்குமான உறவு பத்தாம் வகுப்போடு முறிந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கே ஆசை வந்துவிட்டது. x ஸ்கொயர் என்று அடித்தால் ஒரு வளைவு வாய் நிறையச் சிரிக்கிறது. முன்னால் ஒரு மைனஸ் போட்டேன்... குடையாகக் கவிழ்ந்துகொண்டது! பக்கத்தில் ஒரு ஸ்லைடர். அதை இழுத்தால் குடை விரிகிறது, சுருங்குகிறது.

"இது நம்ம ஆத்துப் பாலத்து வளைவுதான?"

"அச்சு அசலா அப்படி இல்லக்கா. கிட்டத்தட்ட." டீச்சர் டீச்சர்தான். கிட்டத்தட்டவைக் கிட்டத்தட்ட என்றே சொல்வார்.

"பெறவு எதுக்குக் கையால வரைஞ்சீங்க இத்தன வருசம்?"

"நமக்குப் பரீட்சையில கால்குலேட்டரே கூடாதே. பென்சிலைக் கூராச் சீவி, வலது மூலையில அளவுத்திட்டம், அதான் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனைன்னு, எழுதிட்டுத்தான் தொடங்கணும். எழுதலைன்னா மார்க்குல கை வச்சிருவேன். ஒங்க பிள்ளைகிட்டக் கேளுங்க!"

சொல்லிவிட்டு, கிராஃப் நோட்டை லேப்டாப்புக்கு அடியில் தள்ளினார். "இது அவங்க கண்ணுல பட்டுச்சுன்னா பழைய காலத்து ஆளுன்னு நெனச்சிருவாங்க."

புதன்கிழமை. கேமராவில் படாத மூலையில், மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் நான். திரையில் சென்னையிலிருந்து ஒரு மேடம். அவர்தான் மாணவியாக நடிப்பார்.

"மிஸ், y இஸ் ஈக்வல் டு x ஸ்கொயர் பிளஸ் ஐம்பதுன்னு போட்டேன். ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல."

பர்வீனும் டைப் செய்தார். வெறும் கட்டங்கள். கோட்டைக் காணோம்.

ரீஃப்ரெஷ் செய்தார். காணோம். வேறு சைட்டுக்குப் போனார். அங்கேயும் காணோம். மேடம் ஏதோ எழுதிக்கொள்வது தெரிந்தது. பர்வீனின் கழுத்தில் வியர்வை. பீரோ பூட்டும் சத்தம் எனக்கே கேட்டது!

அப்போதுதான் பர்வீனின் கை நகர்ந்தது. அவர் யோசித்துச் செய்த மாதிரி தெரியவில்லை. கை தானாகப் போய் நோட்டை உருவியது, பென்சிலை எடுத்தது, தாளின் வலது மூலையில் எழுதியது... அளவுத்திட்டம். எழுதியவர் அப்படியே நிறுத்தினார். நிமிர்ந்தார்.

"x-க்கு சைபர் போட்டா y எவ்வளவும்மா?"

"ஐம்பது மிஸ்."

"ஒங்க ஸ்கிரீன்ல y எதுவரைக்கும் ஏறியிருக்கு?"

"பத்து."

"அப்போ கோடு இருக்கு. மேல இருக்கு. ஆளு மாடியில நிக்கும்போது வாசல்ல தேடுனா ஆப்புடுவாரா?"

மேடம் சிரித்துவிட்டார். பர்வீன் அளவை நூறுவரை மாற்றினார். மேலேயிருந்து அந்த வளைவு, 'இங்கனதான இருக்கேன்' என்கிற மாதிரி எட்டிப் பார்த்தது.

"கால்குலேட்டர் மெஷின்லயும் இப்படித்தான் காலியா வரும் மிஸ்," என்றார் மேடம், இப்போது சொந்தக் குரலில். "அதனாலதான் இந்தக் கணக்கைக் கேட்குறேன். நிறையப் பேர் நெட் சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. அந்த நோட்டைக் கொஞ்சம் கேமராவுல காட்டுங்க. கிளாஸ்லயும் அதை வச்சுக்கங்க."

மாலையில் மெயில் வந்தது. இந்த முறை கடைசி வரிவரை படித்தோம், இரண்டு தடவை. திங்கட்கிழமை முதல் வகுப்பு.

இலவச டூல் எல்லாம் செய்கிறது. நெட் இருந்தால் போதும். ஆனால் கோடு கண்ணில் படாதபோது எங்கே பார்ப்பது என்று அதுவா சொல்லும்? அளவுத்திட்டம் எழுதாததற்காக என் மகள் அழுதுகொண்டு வந்த நாளில் இந்த டீச்சரைத் திட்டியிருக்கிறேன். இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று மறுபடியும் ஜங்ஷன் கடை.

"என்னம்மா, அந்த மெஷினு கெடச்சுதா?"

"கெடச்சுது அண்ணாச்சி. சும்மாவே கெடச்சுது," என்றார் பர்வீன்.

"பெறவு எதுக்கு இங்கன வந்திய?"

"இன்னும் நாலு கிராஃப் நோட்டு குடுங்க."