கட்டைவிரல் வலியும் ஒரு கைக்குழந்தை வைத்தியரும்

இன்று காலை என் மகனை நானே தூக்கினேன்!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? கேளுங்கள்.

பயலுக்கு ஐந்து மாதம். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கியே, என் வலது கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் சுரீர் என்று ஒரு வலி. தண்ணி பாட்டில் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை.

சுளுக்குதான் என்று ராயபுரத்தில் எங்கள் தெருவே தீர்ப்பு சொல்லிவிட்டது.

பிறக்கும்போது கால் முதலில் வந்தவர்கள் மிதித்தால் சுளுக்குப் போய்விடும் அல்லவா? அப்படி ஓர் ஆளுக்கு எங்கே போவது?

உதவிக்கு மாத்தூரிலிருந்து வந்து தங்கியிருந்த அண்ணி, அதாவது என் கணவரின் அக்கா, யோசிக்கவே இல்லை.

"இன்னாத்துக்குமா வெளிய தேடினுகீற? வூட்லயே ஒர்த்தன் கீறான் பாரு."

என் மகன்தான். (ஆபரேஷனில் எடுத்தபோதும் கால்தான் முதலில் வந்ததாம்.)

வலியைக் கொடுத்தவனே வைத்தியன். அவன் காலைப் பிடித்து என் மணிக்கட்டில் மிதிக்க வைத்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே தன் பங்குக்கு ஓர் உதை விட்டான். எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

மறுநாள் வீங்கிய கையோடு ஆஸ்பத்திரி. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, டாக்டர் மணிக்கட்டைச் சாய்த்தார். அலறிவிட்டேன். சுளுக்கே இல்லையாம், தசைநாரைச் சுற்றிய உறை வீங்கியிருக்கிறதாம். மணிக்கட்டுக்குப் பட்டை, ஐஸ் ஒத்தடம், மாத்திரை. கூடவே, கொஞ்ச நாளைக்குக் குழந்தையைத் தூக்கக் கூடாது என்றார்.

அங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது.

பால் குடிக்க அண்ணி அவனை என் மடியில் போடுவார், குடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவன் அழுதால் நான் எழுவேன், உட்காருவேன், மறுபடி எழுவேன். அவன் தூக்கம், சிரிப்பு எல்லாம் அண்ணி தோளில். தங்கமான மனுஷிதான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது.

வலி மெல்லக் குறைந்தது. நேற்று டாக்டர் தூக்கலாம் என்றார். அவர் காட்டியபடி இன்று கட்டைவிரலை விரிக்காமல், கைகளை அடியில் கொடுத்து அள்ளினேன். துளி வலி இல்லை!

பயல் என் முகத்தைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். அண்ணி பக்கம் கையை நீட்டினான்.

அண்ணி வாங்கவில்லை. உள்ளே போய்த் தன் பையை எடுத்து வந்தார்.

"நா கீற வரிக்கும் புள்ள உன்னாண்ட ஒட்ட மாட்டான்மா. வர்ட்டா?"

தெருமுனை வரை திரும்பியே பார்க்கவில்லை.

அவன் இன்னும் வாசலைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறான். இத்தனை நாள் வயிறு எரிந்த நானும்தான்.

நாளைக்கே அண்ணியைத் திரும்பக் கூப்பிட்டால் தப்பா, சொல்லுங்கள்?