நான் அழித்த ஆல்பம்

பன்னிரண்டு வயது வரை சிறுவாச்சூரில் எங்கள் வீட்டுக்கு நான் ஒருத்திதான் பிள்ளை. அரியலூர் சித்தி காய்ச்சலில் இறந்த மறுமாதமே அவள் மகளை அம்மா எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். பெரம்பலூர் காலேஜுக்கு இங்கிருந்து பஸ் வசதி என்று அப்பாவிடம் காரணம் சொன்னாள். அன்றிலிருந்து முதல் தோசை அக்காவுக்குப் போனது. முதல் தோசை எப்போதும் பிய்ந்துதான் வரும் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

அக்கா ஒரு லேப்டாப்பும் ஒரு பென் டிரைவும் கொண்டுவந்திருந்தாள். பென் டிரைவில் அவளுடைய மஞ்சள் நீராட்டு விழா ஆல்பம் இருந்தது. தொட்டால் பாட்டோடு தானே ஓடும்படி ஸ்டுடியோக்காரர் எல்லாப் படங்களையும் ஒரே ஃபைலாகச் செய்துகொடுத்திருந்தார். சாயங்காலமானால் அம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு, அக்காவை ஒட்டி உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். பட்டில் அக்கா, மாலையில் அக்கா, ஆரத்தித் தட்டுக்கு முன்னால் அக்கா. என்னை அம்மா ஒருநாளும் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

லேப்டாப் ஏதோ அப்டேட் ஆன மறுநாள் பென் டிரைவில் ஆல்பத்தைக் காணோம். அக்கா தேடாத இடமில்லை. ஸ்டுடியோவுக்குப் போன் செய்தாள். அவரிடமும் வேறு காப்பி இல்லை.

வெள்ளிக்கிழமை அம்மா கோயில் வாசல் பூக்கடைக்குப் போய்விட்டாள், அக்கா காலேஜுக்கு. வயிற்றுவலி என்று வீட்டில் தங்கிய நான் லேப்டாப்பைத் திறந்தேன். சந்தேகப்படும் ஃபைலை ஆன்டிவைரஸ் உடனே அழிக்காது, தனியாகப் பூட்டிவைக்கும் என்று பள்ளியில் கம்ப்யூட்டர் மிஸ் காட்டிக்கொடுத்திருந்தார். அப்படிப் பூட்டிவைத்தவற்றின் பட்டியலுக்குப் போனேன். ஆல்பம் அங்கேதான் இருந்தது. பக்கத்தில் இரண்டு வழிகள்: ரீஸ்டோர் என்றால் திரும்ப வந்துவிடும், ரிமூவ் என்றால் ஒரேயடியாகப் போய்விடும்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் அம்மாவிடம் ஓட எழுந்தேன். அம்மா என்னை மெச்சுவாள். அப்புறம்? அப்புறம் மறுபடி அக்காவை ஒட்டித்தான் உட்காருவாள்.

திரும்ப உட்கார்ந்து ரிமூவை அழுத்தினேன்.

மறுநாள், காலேஜில் யாரோ சொன்னதைக் கேட்டு அக்காவும் அந்தப் பட்டியலைத் திறந்தாள். ஆல்பம் நேற்றுப் பகல் பதினொரு மணிக்கு நீக்கப்பட்டதாக அதில் இருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது யார் என்று அவளுக்குத் தெரியும். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கெடைச்சிச்சாடி?" என்று அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இல்ல பெரியம்மா. வைரஸ்னு அதுவே அழிச்சிருச்சு."

"ஒண்ணு கூடவா இல்ல? பந்தல்ல நின்னு சிரிக்குமே, அது?"

"அதுவும் போயிடுச்சு பெரியம்மா."

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா லேப்டாப்பை மூடினாள். அவள் எனக்குப் பயந்துவிட்டாள், நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்று அம்மா யாரையும் ஒட்டி உட்காரவில்லை.

அந்த ஆல்பத்தில் அக்கா ஒரு படத்திலும் சிரிக்கவில்லை; வெட்கத்தில் குனிந்தே இருந்தாள். பந்தலில் நின்று சிரித்தது சித்தி. அம்மா தினமும் தன் தங்கையைப் பார்க்கத்தான் உட்கார்ந்தாள் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. தன்னைப் பெற்றவளின் சிரிப்பை அழித்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள் என்று தெரிந்தும், அக்கா ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும்.