ஓட்டுபவர்: செல்வாம்பாள்

நெல்லித்தோப்பில் சிராஜுதீன் பாயின் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு வெளியே ஓர் இரும்புப் பெயர்ப்பலகை நிற்கிறது. இடது பக்கமாக நான்கு டிகிரி சாய்ந்திருக்கிறது. வெல்டர் வந்தால் பத்து நிமிட வேலை. பாய் வெல்டரைக் கூப்பிடவில்லை.

சாய்த்தவர் செல்வாம்பாள். போன ஆடியில் இறந்துபோனார். வண்டியால் அல்ல, கணையத்தில் வந்த நோயால். நோய் தெரிந்தபின் பதினோரு வாரம் இருந்தார். அதைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை. பலகையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

பலகை சாய்ந்தபோது செல்வாம்பாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. லாஸ்பேட்டையில் ஒரு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் வொர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர். இருபத்தாறு வருடமாக மாணவர்கள் முன்னால் எஞ்சினைப் பிரித்து, துடைத்து, வரிசையாக அடுக்கி, திரும்ப மாட்டியவர். பிஸ்டன் ரிங்கை விரலில் சுழற்றிப் பார்த்தே தேய்மானம் சொல்லிவிடுவார். ஆனால் அந்த எஞ்சின்கள் எல்லாம் ஸ்டாண்டில் போல்ட் போட்டு நிறுத்தியவை. நின்ற இடத்திலேயே உறுமும். எங்கேயும் போகாது. மாலை நாலரைக்குக் காக்கிக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஸ்கூட்டியில் ஏறி, காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அப்படி ஒருநாள் கிளம்பும் நேரத்தில் கோபிநாத் வந்தான். அவரிடம் படித்த பையன், சாரம் பகுதியில் வீடு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். ஏழு வாரத்தில் பிரான்சுக்குப் போகிறான், திரும்பி வருகிற எண்ணமில்லை. அதற்குள் தன் பைக்கை விற்றாக வேண்டும். இருநூறு சிசி ஸ்போர்ட்ஸ் பைக். நீல நிறம். முன்பக்கம் குனிந்து, எதையோ மோந்து பார்ப்பதுபோல் நிற்கும்.

"மேடம், செயின் சத்தம் போடுது. விக்கறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாத்துக் குடுங்களேன்."

பார்த்தார். செயினை இறுக்கினார். ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை திருகினார். இன்னொரு முறை திருகினார். மூன்றாவது முறைக்கும் செயினுக்கும் சம்பந்தமில்லை.

"யாருக்குடா குடுக்கப்போற?"

"ரெண்டு பேரு கேட்டிருக்காங்க மேடம். முடிவாவல."

"மூணு பேருன்னு வச்சிக்கோ."

"சரிதா அக்காவுக்கா?" சரிதா அவருடைய ஒரே மகள். பெங்களூரில் வேலை.

"எனக்குடா."

கோபிநாத் அவரைப் பார்த்தான். பிறகு சீட்டைப் பார்த்தான். "சீட்டு கொஞ்சம் ஹைட்டு மேடம்."

"எண்ணூத்திப் பத்து மில்லிமீட்டர். ரெண்டு காலும் எட்டும். நீ வர்றதுக்கு முன்னாடி எத்தினி வாட்டி இந்த மாடல் ப்ரோஷர பாத்திருப்பேன் தெரியுமா?"

அவன் விமானம் ஏறும்வரை வண்டி அவருக்காகக் காத்திருக்கும் என்று பேச்சு. அதற்குள் முடியவில்லை என்றால் அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு.

வண்டியின் பழைய பாலிசியும் அவன் கிளம்புகிற மாதத்தில்தான் முடிய இருந்தது. மறுநாளே செல்வாம்பாள் நெல்லித்தோப்புக்குப் போனார். அவருடைய ஸ்கூட்டிக்கு இருபது வருடமாகப் பாலிசி போட்டுத் தருபவர் சிராஜுதீன் பாய். பாய் மேஜையில் கம்ப்யூட்டர் உண்டு. ஆனாலும் அவர் முதலில் தாளில்தான் விண்ணப்பத்தை நிரப்புவார், அதுவும் பென்சிலில். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிப்பார். எல்லா ஆவணங்களையும் கண்ணால் பார்த்த பிறகுதான் பென்சில் எழுத்தின்மேல் பேனாவால் எழுதுவார். அதன் பிறகுதான் கம்ப்யூட்டர்.

"பென்சில்ல இருக்கற வரைக்கும் அது பேச்சு மேடம். இங்க்கு போட்டாதான் பாலிசி" என்பார்.

அன்றைக்கும் படித்தார். வண்டி எண். எஞ்சின் எண். "ஓட்டுபவர்" என்று படித்தவர், யாரையும் கேட்காமல் 'சரிதா' என்று எழுதினார்.

"பாய், அத அழிங்க."

"ஏன், பாப்பா ஸ்பெல்லிங் மாத்திடுச்சா?"

"ஓட்டப்போறது நான்."

பாய் பென்சிலைக் கீழே வைத்தார். டீ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். "மேடம், ஒங்க ஆஸ்பத்திரி பாலிசியும் எங்கிட்டதான் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே மாசத்துல வேல வச்சிடாதீங்க."

"அடுத்த கேள்வி அனுபவம்தான? ஸ்கூட்டி ஓட்டி இருபத்தேழு வருஷம்னு எழுதுங்க."

"லைசென்ஸ் குடுங்க."

கொடுத்தார். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தார். "இதுல கியர் இல்லாத வண்டின்னுல்ல போட்டிருக்கு?"

செல்வாம்பாள் வாங்கிப் பார்த்தார். உண்மைதான். ஸ்கூட்டி வாங்கியபோது எடுத்த உரிமம். ஒரு தடவை புதுப்பித்தும் இருக்கிறார். அந்த வரியை மட்டும் படித்ததே இல்லை.

"வாரத்துக்கு ரெண்டு கியர்பாக்ஸ பிரிச்சு மாட்டறேன் பாய்."

"பிரிக்கறதுக்கு யாரும் லைசென்ஸ் கேக்கறதில்ல மேடம். ஓட்டறதுக்குத்தான் கேக்கறாங்க." பாய் நிதானமாக விளக்கினார். இந்த உரிமத்தோடு ஓட்டி ஏதாவது ஆனால் வண்டிக்கு ஒரு ரூபாய் வராது. ஓட்டுகிற உரிமையாளருக்கான விபத்துக் காப்பும் கிடையாது. "வண்டிய பாப்பா பேர்லயே போட்டுடலாம். அதுக்குக் கியர் லைசென்ஸ் இருக்கில்ல. நீங்க ஆசைக்கு வீட்டுத் தெருவுல ரெண்டு ரவுண்டு போயிட்டு வாங்க. யாரு பாக்கப்போறா?"

"திருட்டுத்தனமாவா?"

"அப்பிடி இல்ல..."

"இருபத்தாறு வருஷமா அடுத்தவங்க ஓட்டறதுக்கு எஞ்சின் மாட்டிக் குடுத்தேன் பாய். ஓட்டுபவர்ங்கற எடத்துல எம்பேரு வரணும். வரலைன்னா வண்டியே வேணாம்."

பாய் அழித்தார். ரப்பர் தூளை ஊதினார். 'செல்வாம்பாள்' என்று பென்சிலில் எழுதினார். அனுபவம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். "ஏழு வாரம் இருக்கு. கியர் லைசென்ஸோட வாங்க. இங்க்கு போடறேன்."

பழகுநர் உரிமம் வந்தது. சட்டப்படி முப்பது நாள் பழக வேண்டும். தினமும் காலை ஐந்தரைக்கு ஏர்போர்ட் ரோடு. சேலையிலிருந்து சுடிதாருக்கு மாறினார். முன்னால் சிவப்பு எல் எழுத்து. பின்னால் கோபிநாத், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு. வாக்கிங் போகிறவர்களில் பாதிப் பேர் அவருடைய பழைய மாணவர்கள். "மேடம், எல் போர்டா?" என்று கேட்டவர்களுக்கு எல்லாம், "ஆமா, எங்கிட்ட அரியர் வச்சவன்கிட்டயே கத்துக்கறேன்" என்று பதில் சொன்னார். பின்னால் கோபிநாத் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். இரண்டு அரியர் வைத்தவன்.

முப்பத்தோராவது நாள் தேர்வு. எட்டுப் போட வேண்டும். போட்டார். காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் இருந்தது. மைதான ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் செம்மல் தலையை ஆட்டி, "எங்கிட்ட வந்து நிறுத்துங்க" என்றார்.

செல்வாம்பாள் இடது கையை இறுக்கினார்.

ஸ்கூட்டியில் இடது கை பிரேக். பைக்கில் இடது கை கிளட்ச், பிரேக் வலது காலில். கிளட்சைப் பிடித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறும். வண்டி நிற்காது, எந்தத் தடையும் இல்லாமல் மெதுவாக உருண்டுகொண்டே போகும். போனது. செம்மல் எழுந்தார். நாற்காலியையும் எடுத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனார். நாற்காலி இருந்த இடத்துக்கு முன்சக்கரம் வந்து நின்றது.

"என்ன வேல பாக்கறீங்கம்மா?"

"ஆட்டோமொபைல் இன்ஸ்ட்ரக்டர் சார்."

செம்மல் கொஞ்ச நேரம் எதையோ எழுதினார். "கிளட்ச்சுனா என்னன்னு தெரியுமா?"

"ரெண்டாவது வருஷத்துக்கு நாலு வகுப்பு எடுக்கறேன்."

"அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் வியாழக்கிழமை. கோபிநாத்தின் விமானம் அதற்கடுத்த ஞாயிறு. கேட்டிருந்த இரண்டு பேரில் ஒருவர் தினமும் அவனுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். அதிலும் தவறினால் இன்னொரு தேர்வுக்கு நாள் இல்லை.

செல்வாம்பாள் அழவில்லை, பழுது பார்த்தார். என்ன கோளாறு? தலைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? காலையில் அரை மணி நேரம் பைக். பிறகு வேலைக்குப் போக, வர, காய்கறிக்கு, ரேஷன் கடைக்கு எல்லாம் ஸ்கூட்டி. காலையில் கற்றுக்கொண்டதைக் கை மாலைக்குள் மறந்துவிடுகிறது. ஸ்கூட்டிச் சாவியைக் கணவர் புருஷோத்தமனிடம் கொடுத்தார். "வியாழக்கிழம வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

வேலைக்கு ஷேர் ஆட்டோ. வீட்டில் பயிற்சி. புருஷோத்தமன் அரசு அச்சகத்தில் பிழை திருத்துபவர், அதிகம் பேசாதவர். அவருக்கு ஒரே வேலை. நினைத்த நேரத்தில் "நிறுத்து" என்று சொல்ல வேண்டும். உடனே செல்வாம்பாள் வலது காலைத் தரையில் அழுத்துவார், இடது கை சும்மா இருக்க வேண்டும். துணி மடிக்கும்போது, பல் தேய்க்கும்போது, பூண்டு உரிக்கும்போது. சனிக்கிழமைக்குள் பால் பொங்கினாலும் முதலில் வலது கால்தான் போனது. அடுப்பைப் புருஷோத்தமன் அணைத்தார்.

"இன்னாம்மா தொப்பு தொப்புன்னு சத்தம்?" என்று போனில் சரிதா கேட்டாள்.

"கரப்பான் அடிக்கறேன்னு கீழ் வீட்ல சொல்லியிருக்கேன்."

புருஷோத்தமன் போனை வாங்கினார். "முப்பது வருஷமா நிறுத்துன்னு சொல்றேன். இப்பதான்மா நிறுத்தறா."

வியாழக்கிழமை செம்மல் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தார். எட்டு முடிந்தது. "நிறுத்துங்க" என்றார். வலது கால் இறங்கியது. வண்டி அவர் காலணிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. செம்மல் பேனாவை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் உரிமம் போனில் வந்துவிட்டது. செல்வாம்பாள் கணவரிடம் ஸ்கூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு நெல்லித்தோப்புக்குப் போனார். பெயர் மாற்றத் தாள்களில் கோபிநாத் கையெழுத்துப் போட்டிருந்தான். பாய் எல்லாவற்றையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். பிறகு பேனா.

"ஓட்டுபவர், செல்வாம்பாள்." எழுதினார். "அனுபவம்? இருபத்தேழுன்னு சொன்னீங்க."

"ஜீரோ போடுங்க பாய். நேத்துதான் பொறந்திருக்கேன்."

பாய் சிரிக்காமல் ஜீரோ போட்டார். "நாமினி?"

"சரிதா. மகள்."

அந்த இடத்தில் பாயின் பேனா கொஞ்சம் நின்றது. "இந்த ஒரு கட்டத்த மட்டும் பென்சில்லயே விட்டுட்டா நல்லாருக்கும்னு எப்பவும் தோணும் மேடம். தேவையே படாத பேரா இருக்கட்டும்." எழுதினார். மை காய்கிறவரை தாளை ஊதினார்.

செல்வாம்பாள் 'ஓட்டுபவர்' என்ற வரியை மட்டும் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினார். வெளியே வந்தார். ஸ்கூட்டியில் உட்கார்ந்தார். திருகினார். பக்கத்துச் சந்திலிருந்து ஒரு ஆட்டோ நீட்டிக்கொண்டு வந்தது.

வலது காலை அழுத்தினார்.

ஸ்கூட்டியில் அந்த இடத்தில் கால் வைக்கிற வெறும் தட்டுதான் இருக்கிறது. இடது கை, ஒரு வாரம் பழக்கியபடி, சும்மா இருந்தது. ஆட்டோ தப்பியது. பாயின் இரும்புப் பலகை தப்பவில்லை.

பாய் வெளியே வந்தார். ஆளுக்கு அடி இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"பாய், இதுக்கு ஏதாவது கிளெய்ம் வருமா?"

"எந்த வண்டிக்கு மேடம்?"

"ஸ்கூட்டிக்குத்தான்."

"அனுபவம்?"

"இருபத்தேழு வருஷம்."

"அத எழுதி அனுப்பிச்சா கம்பெனில என்னைய வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

"வெல்டர் ஒருத்தன் இருக்கான், எங்கிட்ட படிச்சவன். கூட்டிட்டு வந்து நிமித்திக் குடுத்துடறேன்."

"நாளைக்கி வாங்க. நீல வண்டியில வாங்க. பாக்கறேன்."

மறுநாள் வந்தார். நீல வண்டியில் வந்தார். வெல்டரைக் கூட்டிவர மறந்துவிட்டார். தெருமுனையிலிருந்தே சத்தம் கேட்டு, பாய் எழுந்து வந்து வாசலில் நின்றார். வண்டி நேராகப் பலகையைப் பார்த்து வந்தது. ஒரு முழம் இருக்கும்போது நின்றது.

வலது காலால்.