வள்ளம் திரும்பி வந்த படம்

எங்கள் வீட்டில் படம் பார்ப்பதென்றால் பாதி நேரம் படம் ஓடும், மீதி நேரம் அதைப் பற்றிய கதை ஓடும். அக்கராயனில் எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வந்த வருசம் அப்பா ஒரு தொலைக்காட்சியும் டிவிடி பிளேயரும் வாங்கினார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்து வீட்டு மாமி தன்னுடைய பிளாஸ்டிக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

படத்தை நிறுத்துப் பார்க்க ஒவ்வொருவரிடமும் ஒரு தராசு இருந்தது. மாமி தான் எத்தனை இடத்தில் அழுதார் என்பதை வைத்தே தீர்ப்புச் சொல்வார். மூன்று தரமாவது அழவைக்காத படத்தை அவர் படமாகவே எடுப்பதில்லை. அப்பா வயலைப் பார்ப்பார். கதாநாயகி பாட்டுப் பாடிக்கொண்டு நாற்று நட்டால், "குதிக்காலில சேறு இல்லை, இவா எங்க நட்டவா" என்பார். அத்தோடு அவருக்கு அந்தப் படம் முடிந்தது. அம்மா புத்தகம் வாசிக்கிறவர் என்பதால், எந்தப் படமும் ஏதோவொரு நாவலில் இருந்து களவெடுத்ததாகத்தான் அவருக்குத் தெரியும். எல்லாரிலும் கெட்டிக்காரி அம்மாவின் தங்கை, என் சித்தி. ஒரு படத்தில் வில்லன் வீட்டு மணிக்கூடு விடியவும் பின்னேரமும் ஒரே நேரத்தைக் காட்டியதை அவர் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அந்த வில்லனுக்கு யாரும் பயப்படவில்லை.

அந்த வருசம் மழை முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் சித்தி எங்களோடு வந்து தங்கினார். வந்த நாளிலிருந்து படங்களைப் பற்றி அவர் ஒன்றும் சொல்வதில்லை. சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருப்பார், படம் முடிந்ததும் எழும்பிப் போவார். சித்தப்பா புளியங்குளத்தில் மேசன் வேலை செய்தவர். அவர் கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பத்து வயது. நம்புவதில் சிரமம் இருக்கவில்லை. உண்மையில் அவர் எங்கேயோ ஒரு கரையில் மீன்பிடி வள்ளம் ஒன்றில் ஏறி அவுஸ்திரேலியாவுக்கென்று புறப்பட்டிருந்தார். எங்கள் குளத்தில் முழுகப் போனாலும் இடுப்புத் தண்ணீருக்கு அப்பால் இறங்காத மனிதர் அவர். ஏறுவதற்கு முதல் நாள் தொலைபேசியில் கதைத்ததுதான் கடைசி. ஐந்து கிழமையாக ஒரு செய்தியும் இல்லை.

இதெல்லாம் பிறகு அறிந்தவை. அன்றைக்கு எனக்கிருந்த பெரிய கவலை வேறு: அம்மா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

பள்ளிக்கூட நாட்களில் வாசித்த ஒரு நாவலை அம்மா எனக்குப் பகுதி பகுதியாகச் சொல்லி வந்தார். ஒரு மீனவன், அவனை விரும்பிக் கட்டிய பெண், அந்தக் கலியாணம் பிடிக்காத அவளுடைய தமையன். காற்று மாறிவிட்டது, போகாதே என்று ஊரே தடுக்க, அவன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறான். அவள் கரையில் நிற்கிறாள். மிச்சம் நாளைக்கு என்றார் அம்மா. அடுத்த நாள்தான் சித்தி பையோடு வந்து இறங்கினார். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும் அம்மாவுக்குத் தலையிடி, அல்லது வேலை, அல்லது கதை மறந்துவிட்டது. ஒரு நாள் சித்தி பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நான் விடாமல் கேட்டேன். "முழுக்கச் சொல்லவேண்டாம். அந்த வள்ளம் திரும்பி வந்ததோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ." அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். அடி நோகவில்லை. எதற்கென்றுதான் விளங்கவில்லை.

ஆகவே நான் துணி நானாவிடம் போனேன்.

அவர் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். எல்லாருக்கும் அவர் துணி நானாதான். இரண்டு கிழமைக்கொரு தரம் சட்டைத்துணியும் ஆண்கள் உடுக்கிற சாரமும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். துணிக்கட்டுக்குள் ஒரு பிஸ்கட் பெட்டி, அதற்குள் சீடிகள். பார்த்து முடித்ததைக் கொடுத்து வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். கையில் உள்ள படம் எல்லாவற்றையும் அவர் பார்த்திருப்பார், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வைத்திருப்பார். "இது முதல் பாதி நல்லம், இடைவேளைக்குப் பிறகு படுத்திடலாம்." "இதைக் குடும்பத்தோட பாக்கிறதெண்டா ரிமோட்டைக் கையில வச்சிருங்கோ." பெண்கள் துணி விசயத்தில் அவரை நம்பாவிட்டாலும் பட விசயத்தில் நம்பினார்கள். முடிவை மட்டும் எப்படிக் கேட்டாலும் சொல்லமாட்டார்.

நான் அம்மாவின் கதையை அவருக்குச் சொன்னேன். வள்ளத்தைத் தள்ளுகிற இடம் வந்ததும் தலையாட்டினார். "அந்தப் புத்தகத்தைப் படமா எடுத்திருக்கிறாங்க, மகள். இப்பத்தான் வந்தது. வாற முறை கொண்டு வாறன்."

"வள்ளம் திரும்பி வருமோ, நானா?"

"அதைச் சொல்லிட்டா பிறகு என்னத்துக்குப் பாக்கிறது?"

அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். மறந்துபோன கதையைத் திரையில் கண்டு அம்மா ஆச்சரியப்படுவார், சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அந்த இரண்டு கிழமையும் அந்த நினைப்பிலேயே போனது.

நானா சொன்னபடியே கொண்டு வந்து தந்தார். அந்த ஞாயிறு எல்லாரும் இருந்து முடிய நான் சீடியைப் போட்டேன். கடல் வந்தது. கடலின் மேல் நாவலின் பெயரும், அதைத் தழுவி எடுத்த படம் என்ற எழுத்தும் வந்தன. அம்மா கதிரையை விட்டு எழும்பினார்.

"ஆர் இதைக் கொண்டு வந்தது?"

"நான்தான். நானாவிட்ட வாங்கினனான்."

"நிப்பாட்டு. பிளக் சுடுது."

அப்பா எழும்பிப் போய் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுடவில்லை என்றார். மாமிக்கு இந்தப் படம் பிடிக்காது, வேறு போடுவோம் என்றார் அம்மா. மாமி தனக்குப் பிடிக்கும் என்றார். அட்டைப்படத்தில் கதாநாயகி அழுதுகொண்டிருந்ததை அவர் முதலே பார்த்துவிட்டார். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா நாவல் வாசிப்பதில்லை, ஆகவே அந்தப் பார்வை வீணாய்ப் போயிற்று.

"விடுங்கோ அக்கா" என்றார் சித்தி, சுவரில் சாய்ந்தபடி. "பிள்ளை ஆசையாக் கொண்டு வந்திருக்கு. பாப்பம்."

 அம்மா தன் கதிரையை இழுத்துச் சுவிட்சுக்குக் கீழே போட்டுக்கொண்டு இருந்தார்.

முதல் பாதியில் பாட்டுகளும் ஒரு சண்டையும் வந்தன. அம்மா சொன்ன கதையில் சண்டை இருக்கவில்லை. நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காற்று மாறியது. மீனவன் வள்ளத்தைத் தள்ளினான். அவள் கரையில் நின்றாள். நான் ஒரு மாதமாகக் காத்திருந்த இடம்.

"தேத்தண்ணி வச்சுக்கொண்டு வாறியே?" என்று அம்மா சித்தியைக் கேட்டார்.

"முடியட்டும் அக்கா."

கடல் கறுத்தது. வள்ளம் ஒரு தரம் மேலே போனது, பிறகு கீழே போனது, பிறகு இரண்டாகப் பிளந்தது. மாமி மூக்கை உறிஞ்சத் தொடங்கினார். சித்தி அசையவில்லை. அம்மாவின் கை மேலே போய்ச் சுவிட்சில் இருந்ததை நான் கண்டேன்.

"நிப்பாட்டாதேங்கோ அம்மா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கதையை ஒரு தரம் பறித்தது போதாதா.

அந்த நேரம் பார்த்து, தூரக் கடலில் ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி தலையாயிற்று. மீனவன் நீந்தி வந்தான். தனியே அல்ல, மனைவியின் தமையனை, தன்னைக் கொல்ல நினைத்தவனையே, தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மணலில் கால் வைத்தவுடன் பாட்டுத் தொடங்கியது.

அம்மாவின் கை சுவிட்சிலிருந்து இறங்கி மடியில் விழுந்தது. ஓட்டத்தில் வந்தவர் மாதிரி ஒரு பெரிய மூச்சு விட்டார்.

மற்றவர்களுக்குப் படம் பிடிக்கவில்லை. "நான் அழத் தொடங்கினதும் அவன் வந்திட்டான்" என்று மாமி குறைப்பட்டார். அப்பா, "மூண்டு நாள் கடலில கிடந்தவனுக்கு ஒரு மயிர் தாடி வளரேல்லை" என்றார். எனக்கும் ஏமாற்றம்தான். இவ்வளவு காத்திருந்தது இதற்கோ என்றிருந்தது. இனி அம்மா தொடங்குவார், புத்தகத்தை எடுத்து வைத்துப் படத்தைக் கிழிகிழியென்று கிழிப்பார் என்று பார்த்திருந்தேன்.

"நல்ல படம்" என்றார் அம்மா. "புத்தகத்தில இருக்கிற மாதிரியே எடுத்திருக்கிறாங்கள்."

"முடிவுமோ?" என்றார் அப்பா.

"முடிவுந்தான். புத்தகத்திலயும் அவன் வந்திடுவான்."

எல்லாரும் பழக்கத்தில் சித்தியைப் பார்த்தோம்.  அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "ஓம் அக்கா, நல்ல படம்" என்றார். எழும்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டே, "நீந்தி வந்தவன்ர சேட்டுத்தான் நனையேல்லை" என்றார்.

அம்மா சிரித்தார். அந்தச் சின்னப் பகிடிக்கு அவ்வளவு சிரிப்பு எதற்கென்று தெரியாத அளவுக்குச் சிரித்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். சித்தியும் சிரித்தபடி குசினிக்குள் தேத்தண்ணி வைக்கப் போனார்.

அடுத்த கிழமை ஒரு மத்தியானம் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வழக்கத்தை விட நீளமான இலக்கம். சித்தி எடுத்தார். "ஓம்" என்றார். திரும்பவும் "ஓம், ஓம்" என்றார். பிறகு, "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். அம்மா துருவலோடு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். சித்தியின் முதுகெல்லாம் தேங்காய்ப்பூ. அப்பா முற்றத்தில் இறங்கி வேலி வரைக்கும் நடந்து போய்த் திரும்பி வந்தார். கொழும்பிலிருந்து ஒரு கோல் வந்ததற்கு எல்லாரும் ஏன் அழுகிறார்கள் என்று கேட்டேன். அப்பா சிரித்தார். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையைச் சொன்னார்கள்.

சித்தப்பா ஏதோ ஒரு தீவில் முகாமில் இருந்தார். மூன்று வருசத்தில் திருப்பி அனுப்பப்பட்டு வந்து சேர்ந்தார். இப்போதும் புளியங்குளத்தில்தான் வீடு கட்டிக் கொடுக்கிறார்.

நான் வவுனியாவில் படிக்கப் போன பிறகுதான் அந்த நாவல் நூலகத்தில் கையில் கிடைத்தது. இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். அதில் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் வள்ளத்தின் பலகை ஒன்று கரையொதுங்குகிறது, அவள் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். அவ்வளவுதான் முடிவு. புத்தகத்தை மூடி வைத்தேன். சுவிட்சில் இருந்த அம்மாவின் கை அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தச் சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்குப் போகிற வழியில் புளியங்குளத்தில் இறங்கிச் சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி விறாந்தையில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா எவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கிறார் தெரியுமா என்று ஆர்ப்பாட்டமாகத் தொடங்கினேன்.

"தெரியும்" என்றார் சித்தி. "அக்கா அந்தப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழ வச்சிட்டுப் பள்ளிக்கூடம் போவா. நீ சின்னப்பிள்ளை, தொடக்கூடாது எண்டவா. அவா முடிக்க முதலே நான் ஒளிச்சு வாசிச்சு முடிச்சிட்டன்."

"பிறகேன் போடச் சொன்னனீங்கள்?"

"ஐஞ்சு கிழமையா ஒவ்வொரு நாளும் என்ர கண்ணுக்கு முன்னால அதுதானே ஓடினது. அதைப் படத்தில பாத்தா மட்டும் என்ன ஆகப்போகுது எண்டு இருந்திட்டன்." ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார். "அவன் நீந்தி வந்தோடனை, ஐயோ பிழையா எடுத்துப் போட்டாங்கள் எண்டு சொல்லத்தான் திரும்பினனான். அக்காவின்ர முகத்தில அப்பத்தான் உயிர் வந்திருந்தது. பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது?"

கீரையை ஏதனத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, "இதை அம்மாட்டப் போய்க் கதைக்காதை" என்றார். "அவா அண்டைக்கு என்னைக் காப்பாத்தினதா நினைச்சுக்கொண்டிருக்கிறா. இருக்கட்டும்."

நான் இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை. சின்ன வயதில் படம் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமை, சீடியை உறைக்குள் போட்டுக்கொண்டு நான் குசினிப் பக்கம் பார்த்தேன். அக்காவும் தங்கையும் தேத்தண்ணிக் கோப்பைகளோடு நின்று அந்தப் படத்தை மாறி மாறிப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இந்த இரண்டு பேருக்கும் படம் பார்க்கவே தெரியாது என்று முடிவு செய்து, நான் விளையாடப் போனேன்.