உள்ளிட்ட பலர்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துச் செய்தி எதுவானாலும் நாளிதழில் ஒரே மாதிரிதான் முடியும். ரத்ததான முகாமா, மரம் நடும் விழாவா, கும்பாபிஷேகமா, ஏழெட்டுப் பெயர்களுக்குப் பிறகு "உள்ளிட்ட பலர் கலந்துகொண்டனர்" என்று வரும். அந்தப் 'பலர்' யார் என்று வாசிக்கிறவர்களுக்குக் கவலை கிடையாது. எனக்கு உண்டு. பாடாலூரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் நான்.

முதல் பெயர் என் சகலையுடையது. என் மனைவியின் அக்காள் கணவர். மெயின் ரோட்டோரம் உரக்கடை வைத்திருந்தார். நான் தனியார் பள்ளியில் தமிழாசிரியர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்லியே எங்கள் நற்பணி மன்றத்தின் செய்திகளை எழுதுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அப்போதெல்லாம் ஊர் விழாவுக்கு நிருபர் வரமாட்டார். நாமே எழுதி, போட்டோவோடு பஸ் ஏறிப் பெரம்பலூர் போய் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

எழுதுகிறவனே தன் பெயரை மேலே போட்டுக்கொள்வது அசிங்கம் என்று நினைத்தேன். சகலையை முதலில் எழுதி, என்னைக் கடைசியில் வைப்பேன். பத்திரிகையில் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் சேர்த்து அரைப்பக்கம்தான். அரியலூரில் ஒரு லாரி கவிழ்ந்தால் எங்கள் விழாவுக்கு இடம் குறையும். குறைந்தால் கடைசியிலிருந்து வெட்டுவார்கள். இது புரிய எனக்கு ரொம்ப நாளாயிற்று. புரிந்த பிறகும், "சார் பேரை மேல போடுங்க" என்று மன்றத்தில் யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒருத்தர் சொல்ல வேண்டுமே!

அந்தப் பேப்பர் அரும்பாவூருக்குப் போகும். மாமனார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "எங்க மூத்த மாப்ள" என்று காட்டுவார். நாங்கள் விருந்துக்குப் போனால் நல்லி எலும்பு சகலையின் இலைக்குத்தான் போகும். என்னிடம், "பஸ்ல கூட்டமா மாப்ள?" என்ற விசாரிப்போடு சரி. வயிறு எரியும். சகலை கெட்டவராக இருந்திருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன். அவரோ, "தம்பி, செய்தி பிரமாதமா வந்திருக்கு" என்று என் தோளையே தட்டிக்கொடுப்பார்.

சில வருஷம் கழித்து, வெளியூர் பஸ்கள் எங்கள் ஊரில் நிற்காமல் போவதைக் கண்டித்து ஒரு சனிக்கிழமை மறியல் செய்தோம். சகலைக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். போலீஸ் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, சாயங்காலம் விட்டார்கள். அன்றைக்கு நிருபரே வந்திருந்தார். அவரிடம் என் பெயரை இனிஷியலோடு நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

மறுநாள் அரும்பாவூரில் மச்சான் குழந்தைக்குக் காதுகுத்து. நாங்கள் போய் நுழையும்போதே மாமனார் பேப்பரை விரித்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். சகலை பெயர் முதலில். பிறகு நாலு பெயர். பிறகு "உள்ளிட்ட பலர் கைது".

"நல்லவேளை, உங்க பேரு வரலைங்க. ஸ்கூல்ல பாத்திருந்தா வேலைக்கே உலை வச்சிருப்பாங்க" என்று என் மனைவி காதோடு சொன்னாள். சாமி படம் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிடவும் செய்தாள். அவள் நிம்மதியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தக்காரர்கள் சகலையைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். மண்டபத்தில் போட்ட புளிசோற்றைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்தப் புளிசோற்றை நானும்தான் தின்றேன்.

சகலை என்னைக் கைகாட்டி ஏதோ சொல்ல வந்தார். வேண்டாம் என்று என் மனைவி கண்ணைக் காட்டினாள். அவர் நிறுத்திக்கொண்டார். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் மாப்ள, ஊரே போயிருக்கு. நீங்க போகலியா?"

என் மனைவி பின்னாலிருந்து கையைக் கிள்ளினாள்.

"இல்லீங்க மாமா. ஸ்கூல்ல பரீட்சை வேலை இருந்துச்சு."

"அதான பாத்தேன்" என்றார் மாமனார். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகச் செய்தியை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.