சக்கைக் கொட்டகை நிழல்

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் சிக்கல் கிராமத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்டு வரவில்லை. தை அறுப்பு முடிந்ததும் என் வீட்டுக்காரர் வடக்கே கரும்புச் சீமைக்கு, சர்க்கரை ஆலை வேலைக்குப் போவார். ஆடியில் உழவுக்குத் திரும்புவார். முதல் வருஷம் வந்து அவர் சொன்னதை நான் நம்பவே இல்லை.

"கரும்பைப் புழிஞ்ச சக்கைய எரிச்சு ஆவி உண்டாக்குறாங்க. அந்த ஆவி மிசினைச் சுத்துது. அதுல வார கரண்டுலதான் ஆலையே ஓடுது, வெளக்கும் எரியுது புள்ள."

"ஆமா, துப்புற சக்கையில வெளக்கு எரியுதாக்கும்! யாருகிட்ட அளக்குறீக?" என்று சிரித்தேன்.

அவருக்குச் சக்கைக் கொட்டகையில் வேலை. தகரக் கூரைக்குக் கீழே குவிந்து கிடக்கும் பழைய சக்கையைக் கிளறி, கூடையில் அள்ளி பாய்லருக்குக் கொண்டுபோக வேண்டும். மேலே காய்ந்திருக்குமாம், உள்ளே வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருக்குமாம். உடைத்தால் ஒரே தூசி.

மூன்றாம் வருஷம் இருமலோடு வந்தார். நான்கு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. ஊரில் இருக்க இருக்க அது தானாக அடங்கியது. நான் தீர்ப்பே சொல்லிவிட்டேன், கரும்புச் சீமைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று. ஊருணிக்குக் குடம் தூக்கியே வளர்ந்தவளுக்கு எந்த நோவுக்கும் தண்ணீர்தான் காரணமாகத் தெரியும். அடுத்த தையில் ஒரு டின் நிறைய ஊருணித் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். மருந்து மாதிரி மடக்கு மடக்காகக் குடித்தாராம். ஆனாலும் ஆடியில் இன்னும் மோசமாகத்தான் வந்தார்.

மறுபடி தேறி, மறுபடி தை வந்தது. புறப்படுகிற அன்று கேட்டார்.

"கரும்பு எறக்குற வேலைக்கு மாறிக்கிறியான்னு மேஸ்திரி கேட்டாரு. மாறிக்கிறவா?"

"எங்கன, வெளியிலயா?"

"வெளியிலதான். நாள் பூரா வெயிலு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கிறுக்கா புடிச்சிருக்கு? இங்கன வெயில்ல வெந்தது பத்தாதா? நெழல்ல நிக்கிற வேலைய யாராச்சும் விடுவாகளா? பேசாமக் கொட்டகையிலேயே இருங்க."

சரி என்றார். என் பேச்சை அவர் தட்டினதே இல்லை. அந்த ஒரு தடவை தட்டித் தொலைத்திருக்கக் கூடாதா!

பங்குனியில் ஆலையிலிருந்து ஆள் வந்து என்னைக் கூப்பிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது ஆலைக்குப் பக்கத்துக் குடிசையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். பொழுது சாயவும் ஆலை பூராவும் விளக்கு எரிந்தது. அத்தனை வெளிச்சத்தை என் ஆயுசில் பார்த்ததில்லை.

"பாத்தியா? அளக்குறேன்னியே. எல்லாம் நான் அள்ளிப் போட்ட சக்கைதான் புள்ள."

சிரிக்கப் போய் இருமினார். மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"ஊருக்குத் திரும்பினா தேறுவாரோ?" என்று மறுபடி கேட்டார்.

"ஆமாங்கய்யா. அங்கத்தித் தண்ணி..."

"தண்ணியில்லம்மா. பூஞ்சணம் புடிச்ச சக்கைத் தூசி நெஞ்சுக்குள்ள எறங்கிக் கெடுத்திருக்கு. ஊர்ல தூசி இல்ல, தேறினாரு. காத்தாட வெளியில வேலை பாத்திருந்தா இவ்வளவு முத்தியிருக்காது."

பாவி, நானல்லவா அவரை நிழலில் நிற்கச் சொன்னேன்! அவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நீதானே சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் காலில் விழுந்தாவது அழுதிருப்பேன்.

மறுநாள் காலையில் ஜன்னல் வழியாக அவர் முகத்தில் வெயில் அடித்தது. பழக்கதோஷம், எழுந்துபோய் முந்தானையை விரித்து மறைத்தேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"விடு புள்ள. கொஞ்சம் வெயிலு படட்டும்."

முந்தானையை இறக்கினேன். அந்த வெயில் கட்டிலை விட்டு நகர்வதற்குள் போய்விட்டார்.