சான் ரோக்கேயின் நாய் கவுன்சிலர் இடுப்பில்

சான் ரோக்கே சாமியின் நாய் கவுன்சிலர் இலாரியோனின் இடுப்பில் தொங்குகிறது என்று எங்கள் ஊர் தானாவின் சந்தையில் கருவாட்டுக்காரியிலிருந்து முடிவெட்டுகிறவர்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆதாரமில்லாமல் இல்லை. திருவிழா நெருங்கும் நேரத்தில், சிற்றாலயத்தில் சாமியின் காலடியில் வாயில் ரொட்டியைக் கவ்வியபடி உட்கார்ந்திருந்த மரத்தாலான நாயைக் காணோம். அதே மாதம் கவுன்சிலரின் கைத்துப்பாக்கிக்குப் புதுப் பிடி வந்திருந்தது. நாயும் பலா மரம், பிடியும் பலா மரம். போதாக்குறைக்கு, சேவல்கட்டில் கவுன்சிலர் பெஞ்சில் உட்கார்ந்ததும் துப்பாக்கி தானாக வெடித்துத் தகரக் கூரையில் ஓட்டை போட்டது. நாய் குரைத்துவிட்டது என்று எவனோ ஒருவன் சொன்னான். அதற்குமேல் ஊருக்கு என்ன வேண்டும்?

விசாரிக்காமல் எழுதுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. இருந்தாலும் இதில் ஒரு சாமி, ஒரு கவுன்சிலர், ஒரு துப்பாக்கி என்று மூன்று ஆபத்துகள் இருந்ததால், பிடி செய்த ப்ரோசெசாவிடம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று போனேன்.

ஊரில் அவருக்குச் செசாங் அக்கா என்று பெயர். லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கிப் பட்டறைக் கூட்டுறவில் ஆண்கள் எல்லாரும் இரும்போடு மல்லுக்கட்டுவார்கள். ஜன்னலோர மேசையில் இவர் மட்டும் மரம். கைப்பிடி தவிர வேறெதுவும் செய்யமாட்டார். மரம் தேர்ந்தெடுக்கும் விதம் பார்க்கத் தக்கது. கட்டையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்; குளிர்ந்தால் உள்ளே ஈரம், தள்ளிவிடுவார். நுனியை நக்கிப் பார்ப்பார். உளியின் பிடியால் தட்டிக் காது கொடுப்பார். ரேகை மேல்மூலையில் சரிந்து ஓடினால், பத்தாவது குண்டில் அந்த மூலை தெறிக்கும் என்று விறகுக்குப் போட்டுவிடுவார். பெரும்பாலும் எல்லாமே விறகுக்குத்தான் போகும். மாப்பிள்ளை பார்ப்பதுபோல் பார்க்கிறாயே என்று கேலி செய்தால், வந்த மாப்பிள்ளைகள் இரண்டு பேரும் காயாத மரம் என்பார். அப்படித்தான் கல்யாணம் இல்லாமல் ஐம்பதைத் தாண்டினார்.

"அக்கா, சாமி நாய அறுத்துட்டீங்களாமே?"

அவர் அரத்தை நிறுத்தவில்லை. "அறுத்திருந்தா வால் மிஞ்சியிருக்கும். மேசைக்கடியில தேடிப் பாரு."

உண்மையாகவே குனிந்து பார்த்தேன். மரத்தூள்தான் இருந்தது. அப்படியானால் அந்த மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, பிடி கவுன்சிலர் கைக்கு வலிக்கிறதா என்று திருப்பிக் கேட்டார். வலிப்பதாகத் தெரியவில்லை என்றேன். பிறகென்ன என்று மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டார்.

நான் கிளம்புவதற்குள் கவுன்சிலரே வந்துவிட்டார். திருவிழாக் கமிட்டித் தலைவரும் அவர்தான் என்பதால் அவருக்கு இரட்டைத் தலைவலி: திருட்டுப்போன நாயைத் தேடவும் வேண்டும், அது தன் இடுப்பில் இல்லையென்று காட்டவும் வேண்டும். அவர் சொன்ன வழி சுலபமானது. தன் தாத்தா வீட்டு மாடிப்படித் தூணைத்தானே பிடி செய்யக் கொடுத்தார்? ஸ்பானிய கவர்னர் ஒரு ராத்திரி தூங்கிய வீட்டின் தூண். (தானாவில் எந்தப் பழைய வீட்டைக் கேட்டாலும் அந்த கவர்னர் ஒரு ராத்திரி தூங்கியிருப்பார். மனிதர் விழித்திருந்த நாளே கிடையாதுபோல.) ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சாமி பீடத்தில் கை வைத்து, இது அந்தத் தூணின் மரம் என்று செசாங் ஒரு வரி சொன்னால் போதும். சொல்லாவிட்டால் கூட்டுறவின் லைசென்ஸ் காகிதம் தன் கையெழுத்துக்கு வரும்போது, இந்த ஜன்னலோர மேசையைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும்.

"ஒரு வரிதானே செசாங். நாக்கு தேஞ்சா போயிடும்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் செசாங் அக்கா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். மேலே பளபளவென்று மெருகு. திருப்பினால் உள்ளே மாவாய் உதிர்ந்தது. அதுதான் தாத்தா தூண். முழுக்கக் கரையான். ரம்பம் வைத்த அன்றே, வந்து பாருங்கள் என்று கவுன்சிலருக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். பார்க்க நேரமில்லை, வெடிக்காத பிடியாகச் செய்து கொடு என்று டிரைவர் பதில் கொண்டுவந்திருக்கிறார். வெடிக்காத பிடியாகவே செய்து கொடுத்துவிட்டார்.

பொய் சொல்லித் தொலைத்தால் மேசையாவது மிஞ்சுமே என்றேன்.

"எம் மரத்தப் பத்தி நானே பொய் சொன்னா, அப்புறம் கன்னத்துல வச்சுப் பாத்து என்ன பிரயோசனம்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சிற்றாலயத்தில் நிற்க இடமில்லை. பக்தி ஒரு பங்கு, வேடிக்கை மூன்று பங்கு. செசாங் அக்கா பீடத்தில் கை வைக்கவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"நாயும் இல்ல, தூணும் இல்ல. உங்க தாத்தா தூணு உள்ள பூரா கரையான், கவுன்சிலர். அந்தப் பிடி எம் பக்கத்து வீட்டு நெமெசியாவோட பன்னித்தொட்டி. இருபது வருசம் கஞ்சி குடிச்சு, வெயில் தின்னு, பன்னி மூக்கால இடிபட்ட பலா. படாத பாடு பட்ட மரம். வெடிக்கிறதுக்கு இனி அதுல ஒண்ணும் மிச்சமில்ல. சேவல்கட்டுல குரைச்சது நாயும் இல்ல. துப்பாக்கி விசையப் பூட்ட மறந்துட்டு உக்காந்தா எந்த மரமும் குரைக்கும்."

கவுன்சிலரின் கை தானாக இடுப்புக்குப் போய், எதையோ தொட்டுவிட்டதுபோல் விலகியது. அப்புறம்தான் கூட்டம் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்குள் கோவில்பிள்ளை பெலிசிமோ எழுந்தார். தூசி தட்டும்போது நாயின் தலை துணியோடு வந்துவிட்டது, அதற்குள்ளும் கரையான், கமிட்டிக்குப் பயந்து பின்னால் வாழையடியில் புதைத்துவிட்டேன் என்றார். நாயை நாய்போலவே அடக்கம் செய்திருக்கிறார். போய்த் தோண்டினார்கள். ரொட்டி மட்டும் முழுசாக இருந்தது.

ஆக, திருட்டு இல்லை. செசாங் அக்காவை வாழ்த்தி அனுப்பியிருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. சாமியின் நாயை அறுத்திருந்தால்கூட மன்னிப்பு இருந்திருக்கும். கவுன்சிலரின் தாத்தாவை அல்லவா அறுத்துவிட்டார்! அந்த வாரமே, ஜன்னலோர மேசை வேறு வேலைக்குத் தேவைப்படுவதாகக் கூட்டுறவுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது.

அவர் கெஞ்சவில்லை. மரத்தைக் கவ்விப் பிடிக்கும் தன் வைஸைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றி, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு, வேண்டுமென்றே கவுன்சிலர் வீட்டு வாசல் வழியாகவே வீட்டுக்குத் தள்ளிப்போனார். பட்டறைக்கு வெளியே வேலை செய்தால் போலீஸ் வரும் என்று மேலாளர் எச்சரித்திருக்கிறார்.

"துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ். மரத்துக்கு லைசென்ஸ் கெடையாது. வரச் சொல்லு."

போலீஸ் வந்தது. சார்ஜென்ட் தன் பழைய பிடியைக் கழற்றிக் கையில் கொண்டுவந்திருந்தார். தொட்டி மரம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்.

கவுன்சிலர் பிடியை மாற்றிவிட்டதாக ஒரு புது வதந்தி. அதையும் விசாரித்தேன். மாற்றவில்லை. வேறு இரண்டு பிடி வாங்கிப் பார்த்திருக்கிறார், கைக்கு ஒத்துவரவில்லை. சட்டையை மட்டும் இப்போது வெளியே விட்டுக்கொள்கிறார்.

கோபமாக இருப்பது நெமெசியாதான். பழைய தொட்டிக்குப் பதிலாகப் புதுத் தொட்டி குடைந்து தருவதாகத்தான் பேச்சு. அவருடைய பன்றிகள் மாதக்கணக்கில் வெடித்துப்போன பிளாஸ்டிக் பேசினில் தின்கின்றன. நேற்றும் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கேட்டார்.

"ஏதாவது ஒரு கட்டையக் குடைஞ்சு குடேன்டி. எம் பன்னி என்ன துப்பாக்கியா சுடப்போவுது?"

"பன்னிக்குன்னா மட்டமா செய்யணுமா?" என்றார் செசாங் அக்கா.

அவர் முன்னால் நல்ல பருமனில் ஒரு பலாக்கட்டை கிடந்தது. குனிந்து கன்னத்தை அதன்மேல் வைத்தார். பிறகு காலால் உருட்டி விறகுக் குவியலில் தள்ளிவிட்டார்.